வியட்நாம் சின்னக் கடையில சாப்பிடுறது எப்படி? மெனுவை விடுங்க, கடையைப் பாருங்க

2023 நவம்பர்ல திருச்சியில இருந்தே சைகோனுக்கு (தெக்க இருக்கற பெரிய ஊரு, இப்போ பேரு ஹோ சி மின் சிட்டி) நேரா ஃப்ளைட் விட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வட்டாரத்துல வியட்நாம் போயிட்டு வராத ஆளே இல்லங்கற நிலைமை. போயிட்டு வந்தவங்ககிட்ட என்னப்பா சாப்ட்டன்னு கேட்டா பாதி பேர் டூர்காரன் கூட்டிட்டுப் போன இந்தியன் ரெஸ்டாரண்ட்ல நான் ரொட்டியும் பனீரும் சாப்ட்டேன்னு சொல்றாங்க. அங்க போயும் அதேவா. ஏன்னு கேட்டா ரோட்டோரக் கடையில ஒண்ணும் புரியல, மெனு கார்டு இல்ல, என்ன கறின்னு தெரியல, யாரும் இங்கிலீஷ் பேசல, அதான் பயமா இருந்துச்சுங்கறாங்க. நியாயம்தான். ஆனா அந்தக் கடைங்களுக்கு ஒரு முறை இருக்கு, அது பிடிபட்டுட்டா ஒரு வாரமும் வேளைக்கு 150, 200 ரூபாய்ல ராஜா மாதிரி சாப்பிடலாம், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் விஷயம், நம்ம ஊர் ஓட்டல்ல உக்காந்துட்டு என்ன இருக்குன்னு கேப்போம்ல, அது இங்க கிடையாது. இங்க ஒரு கடைன்னா ஒரு ஐட்டம். காலங்காலமா அந்த ஒண்ணைத்தான் போட்டுட்டு இருப்பாங்க, அதுல ரெண்டு மூணு வகை இருக்கும் அவ்ளோதான். அதனால என்ன சாப்பிடணும்னு ரோட்டுலயே முடிவு பண்ணிட்டுதான் உள்ள போகணும், உள்ள போயி யோசிச்சா லேட்டு. அந்த ஐட்டம் பேரே கடை போர்டுல பெருசா எழுதியிருக்கும். வியட்நாம் எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான், மேலயும் கீழயும் கொம்பு, தொப்பி, புள்ளின்னு போட்டிருப்பாங்க, படிக்கும்போது அதையெல்லாம் கண்டுக்காதீங்க (பேசும்போது அதுதான் எல்லாமே, அது வேற கதை).

பி-ஹெச்-ஓ ன்னு இருந்தா ஃபோ, தட்டையான அரிசி நூடுல்ஸ், எலும்பு சூப்புல. பி-யு-என் ன்னா புன், மெல்லிசா உருண்டையா இருக்கற அரிசி நூடுல்ஸ், இது சூப்புலயும் வரும் உலர்வாவும் வரும். சி-ஓ-எம் ன்னா கொம், அதாவது சோறு. பி-ஏ-என்-ஹெச் ன்னா பான், மாவுல செஞ்ச எல்லாத்துக்கும் இந்தப் பேருதான், ரொட்டி, பணியாரம், கேக், எல்லாம். பான் மீ ன்னா அந்த நீட்டு பிரெஞ்சு ரொட்டி சாண்ட்விச். இந்த நாலு வார்த்தை தெரிஞ்சா ஊர்ல பாதி போர்டு படிச்சுடலாம். அஞ்சாவது ஒண்ணு இருக்கு, சி-ஹெச்-ஏ-ஒய், சைவம் சாப்பிடுறவங்களுக்கு அதான் உயிர்நாடி, அதுக்கு அப்புறம் வரேன்.

நேரமும் முக்கியம். ஃபோ அவங்களுக்குக் காலை டிபன், ஆறு மணிக்கெல்லாம் கடை களைகட்டும், சூப்பு தீர்ந்துட்டா கடையைச் சாத்திடுவாங்க. பெரிய ஊர்ல நாள் பூரா போடுற கடையும் உண்டுதான், ஆனா காலையில குடிக்கற சூப்பு வேற ரகம். வடக்க தலைநகர் ஹனோய்ல புன் சான்னு ஒண்ணு, கரியில சுட்ட பன்னிக்கறியை இனிப்புப் புளிப்பு சாறுல போட்டு புன்னோட தருவாங்க, அது மத்தியானச் சாப்பாடு. பதினோரு மணிக்கு ஏதாவது சந்துல புகை கிளம்புதுன்னா அது புன் சா கடையாத்தான் இருக்கும். 2016ல ஒபாமா ஹனோய் வந்தப்போ டிவில சாப்பாட்டு நிகழ்ச்சி பண்ற அமெரிக்க சமையல்காரர் ஆண்டனி போர்டெய்னோட உக்காந்து சாப்பிட்டது இதைத்தான், ஹுவாங் லியென்ங்கற சாதாரணக் கடையில, பிளாஸ்டிக் ஸ்டூல்ல. ரெண்டு பேருக்கும் சேத்து பில்லு ஆறு டாலர். அந்த டேபிளை இப்போ கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெச்சிருக்காங்க, அது கொஞ்சம் ஓவர்தான், ஆனா ஒரு நாட்டு ஜனாதிபதியே ஆறு டாலர்ல சாப்ட்டு முடிச்சார்னா நமக்கென்ன தயக்கம்.

எந்தக் கடைக்குள்ள போறதுன்னு எப்படி முடிவு பண்றது? வாசல்ல ஆள் நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டு அஞ்சு மொழியில போட்டோ மெனு காட்டினா நடையைக் கட்டுங்க. ஆபீஸ் யூனிஃபார்ம், கிராப் (அங்க ஓலா, ஊபர் மாதிரி) டிரைவர், ஸ்கூல் பிள்ளைங்க, ஒரு பாட்டி, இவங்கல்லாம் கலந்து உக்காந்திருக்கற கடை நல்ல கடை. சைகோன்ல பென் தான் மார்க்கெட்டுக்குள்ள இருக்கற சாப்பாட்டுக் கடைங்க டூரிஸ்ட் விலைதான், வெளிய வந்து ரெண்டு தெரு தள்ளிப் போனா அதே சாப்பாடு கம்மி காசுல கெடைக்கும். 2023 ஜூன்ல உலகம் பூரா நல்ல ஓட்டலுக்கு ஸ்டார் கொடுக்கற மிஷெலின் கைடு வியட்நாமுக்கு வந்தப்போ பெரிய ஓட்டலுக்கு மட்டும் இல்லாம, கம்மி விலையில நல்லா போடுற கடைங்களுக்கும் பிப் குர்மான்னு ஒரு பட்டியல் போட்டாங்க, சைகோன்ல ஃபோ ஹோவா, கொம் தாம் பா கியென், ஹனோய்ல பாத் டான் தெரு ஃபோ கடை எல்லாம் அதுல இருக்கு. போகலாம், தப்பில்ல. ஆனா அந்தக் கியூல நிக்கற நேரத்துல பக்கத்துச் சந்துல ரெண்டு கடை பார்த்துடலாம்ங்கறது என் கட்சி.

உக்காருறது. ஸ்டூலு முழங்காலுக்குக் கீழதான் இருக்கும், டேபிளும் அப்படித்தான். கொஞ்சம் கனமான ஆளா இருந்தா ரெண்டு ஸ்டூலை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி உக்காருங்க, உள்ளூர்க்காரங்களே அப்படி உக்காருவாங்க. கூட்டமா இருந்தா தெரியாத ஆள் டேபிள்லயே இடம் காட்டுவாங்க, சும்மா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உக்காந்துக்கலாம். டேபிள்ல குச்சியும் ஸ்பூனும் டப்பாவுல சொருகி வெச்சிருப்பாங்க, அங்க எல்லாரும் டிஷ்யூ எடுத்து ஒரு துடை துடைச்சுட்டுதான் சாப்பிடுவாங்க, நீங்களும் துடைக்கலாம், கடைக்காரர் கோச்சுக்க மாட்டார். துடைச்ச பேப்பரைப் போட டேபிளுக்குக் கீழ ஒரு சின்னக் கூடை இருக்கும்.

கூப்பிடுறது எப்படின்னா, சார் மேடம் எல்லாம் கிடையாது, உறவு சொல்லித்தான் கூப்பிடணும், இது நமக்கு ஈஸி. உங்களைவிடச் சின்னப் பையனோ பொண்ணோ சர்வ் பண்ணா "எம் ஓய்", அண்ணன் வயசுன்னா "ஆன் ஓய்", அக்கா வயசுன்னா "சி ஓய்", சித்தி அத்தை வயசுன்னா "கோ ஓய்". கொஞ்சம் சத்தமாவே கூப்பிடணும், மெதுவா கையைத் தூக்கிட்டு உக்காந்திருந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். சந்தேகமா இருந்தா வயசைக் கொறைச்சு அக்கான்னே கூப்பிடுங்க, அதுக்கு எந்த ஊர்லயும் நஷ்டம் இல்ல.

இப்போ ஃபோ கடையில உக்காந்துட்டீங்கன்னு வெச்சுப்போம். மாட்டுக்கறி சாப்பிடுறவங்களுக்கு: "தாய்" ன்னா பச்சைக்கறியை மெல்லிசா சீவி கிண்ணத்துல போட்டு அது மேல கொதிக்கற சூப்பை ஊத்துவாங்க, கண்ணு முன்னாடியே செவப்பு வெளுக்கும். "சின்" ன்னா ஏற்கனவே நல்லா வெந்த கறி. முதல் தடவைன்னா சின் சொல்லுங்க. "போ வியென்" ன்னா மாட்டுக்கறி உருண்டை, புள்ளைங்களுக்குப் பிடிக்கும். மாடு வேணாம்னா "ஃபோ கா", கோழி. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மாட்டு ஃபோ போடுற கடையில கோழியும் கேட்டா தருவாங்க, மேல கோழிக்கறி இருக்கும், சூப்பு மாட்டெலும்புல வெந்ததாவே இருக்கலாம். மாடு சாப்பிடாதவங்க "ஃபோ கா" ன்னு மட்டும் போர்டு போட்ட கடைக்குப் போங்க, கண்ணாடிப் பெட்டியில முழுசா வேகவெச்ச கோழி தொங்கும், பார்த்தாலே தெரிஞ்சிடும்.

கிண்ணம் வந்ததும் உடனே எல்லாத்தையும் அள்ளிப் போட்டு கலக்காதீங்க. சைகோன் பக்கம்னா கிண்ணத்தோட ஒரு தட்டு நெறைய இலை வரும், அது டெகரேஷன் இல்ல, சாப்பாட்டுல பாதி அதுதான். கடைக்காரர் பாதி சமைச்சுக் கொடுக்கறார், மீதியை நீங்க டேபிள்ல முடிக்கணும், அந்த ஊர் சாப்பாடே பெரும்பாலும் இப்படித்தான். முதல்ல சூப்பை மட்டும் ரெண்டு ஸ்பூன் குடிச்சுப் பாருங்க. பட்டை, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், எல்லாம் நமக்குத் தெரிஞ்ச சரக்குதான், ஆனா நம்ம மசாலா மாதிரி முன்னாடி வந்து நிக்காது, முழுங்கினப்புறம் மெதுவா மூக்குக்கு ஏறும். அப்புறம் இலைக்கு வாங்க. ஊதாத் தண்டோட சோம்பு வாசனை அடிக்கறது அவங்க ஊர் துளசி, காம்பை விட்டுட்டு இலையை மட்டும் கிள்ளிப் போடணும். ஓரமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி நீட்டா ஒரு இலை இருக்கும், வாசனை கொத்தமல்லிதான் ஆனா பல மடங்கு, அதை ரெண்டு மூணா கிழிச்சுப் போடுங்க. போட்டு மேல விடாம குச்சியால நூடுல்ஸுக்கு அடியில அமுக்குங்க, சூட்டுல வாடி வாசனை அப்போதான் எறங்கும். முளைப்பயிறு பச்சையா பிடிக்கலன்னா ஒரு கொதி சூப்புல முக்கித் தரச் சொல்லலாம், அதுவும் அங்க வழக்கம்தான். எலுமிச்சை கடைசியா, கொஞ்சமா.

இதய வடிவத்துல ஒரு இலை சில தட்டுல இருக்கும், ஃபோ கூட அவ்ளோவா வராது, ரோல் சாப்பிடுற கடையில வரும். கசக்கி மோந்து பார்த்தா பச்சை மீன் வாடை. அது கெட்டுப் போனது இல்ல, அந்த இலையோட வாடையே அதான். பிடிச்சா சாப்பிடுங்க, எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல.

டேபிள்ல ரெண்டு பாட்டில் இருக்கும், ஒண்ணு கருப்பா இனிப்பா இருக்கற சோயா சாஸு, இன்னொண்ணு செவப்பு மிளகா சாஸு. சில பேர் நேரா சூப்புலயே பீய்ச்சுவாங்க, உள்ளூர் ஆளுங்களும் பீய்ச்சுறதை பார்த்திருக்கேன், ஆனா பாவம் ராத்திரி பூரா கொதிச்ச சூப்பு அது. சின்னக் கிண்ணி இருக்கும் பாருங்க, அதுல ரெண்டையும் ஊத்தி கறியை மட்டும் தொட்டுச் சாப்பிடுங்க. பச்சைமிளகா, செவப்பு மிளகா வட்டமா நறுக்கி வெச்சிருப்பாங்க, சின்னதா இருக்கேன்னு அள்ளிப் போடாதீங்க, அது நல்லாவே உறைக்கும்.

இதே ஃபோ ஹனோய்ல கேட்டா இலைத்தட்டே வராது. என்னடா ஏமாத்துறானான்னு நெனைக்காதீங்க, ஃபோ பொறந்ததே வடக்குலதான், அங்க அதை வெறுமனே வெங்காயத்தாள் தூவி, பூண்டு ஊறின வினிகரும் மிளகாயும் மட்டும் போட்டுச் சாப்பிடுவாங்க, கூட எண்ணெயில பொரிச்ச நீட்டு மாவுக்குச்சி ஒண்ணு, "க்வே" ன்னு பேரு, சூப்புல முக்கிக் கடிக்க. 1954ல நாடு ரெண்டா பிரிஞ்சப்போ வடக்குல இருந்து லட்சக்கணக்குல ஜனங்க தெக்க வந்தாங்க, அவங்களோட ஃபோவும் வந்துச்சு, தெக்க வந்து கொஞ்சம் இனிப்பு ஏறி இலையெல்லாம் சேந்துக்கிச்சு. ஹனோய்க்காரர் கிட்ட சைகோன் ஃபோ பத்தி கேட்டுப் பாருங்க, மொகம் எப்படிப் போகுதுன்னு. பாத் டான் கடையில கியூல நின்னு, காசை முன்னாடியே கொடுத்து, கிண்ணத்தை நாமளே தூக்கிட்டு இடம் தேடணும், விரல் சுடும், ஜாக்கிரதை.

அடுத்தது நான் அடிக்கடி போற ரகம், கொம் பின் யான். கூலிக்காரர்ல இருந்து பேங்க் ஆபீசர் வரைக்கும் மத்தியானம் வந்து நிக்கற சோத்துக்கடை. இதுதான் மொழி தெரியாதவனுக்கு சொர்க்கம், ஏன்னா எல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி ட்ரேல இருக்கும், விரலை நீட்டினாப் போதும். தட்டுல சோறு போடுவாங்க, ஒரு கறியோ மீனோ காட்டணும், ஒரு காய் காட்டணும், கூட ஒரு கிண்ணி தண்ணியா சூப்பு தானா வரும். மீனை சர்க்கரைப் பாகும் மிளகும் போட்டு மண்சட்டியில சுண்டவெச்சிருப்பாங்க, "கா கோ" ன்னு பேரு, சோத்துல பிசைஞ்சா அடடா. முட்டையும் பன்னிக்கறியும் இளநீர்ல கொதிக்க வெச்சது ஒண்ணு இருக்கும், பழுப்பு நெறத்துல. வள்ளைக்கீரை பூண்டு போட்டு வதக்கினது எல்லாக் கடையிலயும் உண்டு. சைவம்னு நெனைச்சு ஏமாற ரெண்டு ஐட்டத்தை மட்டும் சொல்லிடறேன், தக்காளி சாஸுல கெடக்குற டோஃபுவும், சூப்புல மெதக்கற பாவக்காயும். ரெண்டுக்குள்ளயும் பன்னிக்கறி அடைச்சிருப்பாங்க, வெளிய இருந்து பார்த்தா தெரியாது. கீரையிலயும் மீன் சாஸு போட்டிருக்க சான்ஸ் இருக்கு.

இந்த மீன் சாஸு, நுக் மாம், நெத்திலியையும் உப்பையும் மாசக்கணக்குல ஊறவெச்சு எறக்கற தெளிவு. ஃபூ குவாக் தீவும் ஃபான் தியெட்டும் அதுக்குப் பேர் போன ஊரு. தனியா மோந்து பார்த்தா ஓடத் தோணும், ஆனா கருவாட்டுக்குப் பழகின மூக்குக்கு இது ஒரு விஷயமே இல்ல. டேபிளுக்கு வரும்போது அது தண்ணி, சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகா எல்லாம் சேந்த இனிப்புப் புளிப்புச் சாறாத்தான் வரும். கொம் தாம் கடையில இதைச் சோத்து மேலயே ஊத்திக்கணும். கொம் தாம்ங்கறது நொய்யரிசிச் சோறு, ஒரு காலத்துல மில்லுல மிஞ்சினதை ஏழைங்க வாங்கிப் பொங்கினது, இப்போ சைகோனோட அடையாளமே அதான், சுட்ட பன்னிக்கறி, முட்டை, ஊறுகாய்க் காய், மேல சூடான எண்ணெயில வதங்கின வெங்காயத்தாள். அதை ஸ்பூனும் ஃபோர்க்கும் வெச்சுத்தான் சாப்பிடுவாங்க, குச்சி தேட வேணாம். பன்னி வேணாம்னா சுட்ட கோழித்தொடை இருக்கும், "கா நூங்" ன்னு கேளுங்க.

சாயங்காலம்னா பான் செயோ. அரிசி மாவு, மஞ்சத்தூள், தேங்காப்பால் கரைச்சு இரும்புச் சட்டியில ஊத்தும்போது ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், உள்ள இறாலு, பன்னிக்கறி, முளைப்பயிறு போட்டு மடிச்சுக் கொடுப்பாங்க. பார்த்தா நம்ம தோசைதான், நெய் ரோஸ்ட் முறுகல். ஆனா பிச்சுத் தொட்டுச் சாப்பிட்டுடாதீங்க. உள்ளங்கையில பெரிய கடுகுக்கீரை இலையை விரிச்சு, மேல ரெண்டு மூணு வாசனை இலை வெச்சு, பான் செயோவை ஒரு துண்டு ஒடிச்சு வெச்சு, பீடா மடிக்கற கணக்கா சுருட்டி, சாறுல முக்கி, ஒரே வாயில பாதி கடிக்கணும். இலை லேசா கசக்கும், மாவு மொறுமொறுங்கும், சாறு முழங்கை வரைக்கும் வழியும். கையாலதான் சாப்பிடணும்ங்கறதால நம்மாளு அங்க யாருக்கும் சளைக்க மாட்டான். கறி, இறாலு இல்லாத சைவ பான் செயோ சாய் கடையில (மேல சொன்ன சி-ஹெச்-ஏ-ஒய் போர்டுக் கடை) கெடைக்கும், காளான் போட்டிருப்பாங்க, அது ஒரிஜினலைவிட நல்லா இருக்குன்னு நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனா அப்படித்தான்.

சைவம்னு வந்தாச்சு, பேசிடுவோம். சி-ஹெச்-ஏ-ஒய், உச்சரிப்பு "சாய்", புத்த மத முறைச் சைவம். கடை போர்டுல இது இருந்தா கண்ணை மூடிட்டு உள்ள போலாம், முட்டை கூடப் பெரும்பாலும் இருக்காது, கண்டிப்பா கடைப்பிடிக்கற எடத்துல பூண்டு வெங்காயம் கூடச் சேக்க மாட்டாங்க. அங்க மீன், கோழி, பன்னிக்கறின்னு பேர் போட்டு வந்தாலும் எல்லாம் சோயா, காளான், பலாக்காய்தான், பயந்து எழுந்து ஓட வேணாம். சந்திர மாசம் முதல் நாளும் பதினஞ்சாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம்ம அமாவாசையும் பௌர்ணமியும், நிறைய ஜனங்க அன்னிக்கு மட்டும் சாய் சாப்பிடுவாங்க. சாய் கடையில கூட்டம் நெரியும், ஆனா வகையும் நிறைய இருக்கும். டிக்கெட் போடும்போது நம்ம தினசரிக் காலண்டரைக் கொஞ்சம் கிழிச்சுப் பார்த்துக்கோங்க.

சாதாரணக் கடையில போயி "கறி இல்லாம கொடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. கறியை எடுத்துட்டு அதே எலும்பு சூப்பைக் கொடுப்பாங்க, அவங்க கணக்குல அது கறி இல்லாததுதானே. "ஆன் சாய்", சைவம் சாப்பிடுறேன்னு சொல்லுங்க, புரிஞ்சிடும், இல்லன்னா இல்லன்னு கையாட்டிடுவாங்க, நல்லதுதான். நான் வழக்கமா செய்றது, வேணாம்ங்கறதையெல்லாம் வியட்நாமியில டைப் பண்ணி போன்ல ஸ்கிரீன்ஷாட்டா வெச்சுக்கறது. நீங்க "தித் போ" (மாட்டுக்கறி) ன்னு சொல்ற ராகத்துல அவங்களுக்கு வேற ஏதாவது கேக்கும், எழுத்துல காட்டினா வம்பே இல்ல. இன்னொண்ணு, புன் போ ஹுவேன்னு காரமா ஒரு சூப்பு, எனக்கு ஃபோவைவிட இதான் இஷ்டம், ஆனா அதுல மாடு, பன்னி ரெண்டும் இருக்கும், ஈரல் மாதிரி கருஞ்செவப்பா கெடக்குற சதுரத்துண்டு உறைஞ்ச ரத்தம். வேணாம்னா "கொங் ஹுயெத்".

முட்டை ஓகேன்னா ஆபத்துக்கு உதவுறது பான் மீ. வண்டியில நின்னு "பான் மீ ஓப் லா" ன்னு கேட்டா ஆஃப்பாயில் போட்டு ரொட்டியில வெச்சுத் தருவாங்க. ஆனா கண்ணு அந்தக் கத்தி மேலயே இருக்கட்டும், ரொட்டியைப் பொளந்ததும் பழக்கதோஷத்துல பழுப்பா ஒரு பசையைத் தடவுவாங்க, அது ஈரல் பேஸ்ட், "கொங் பாத்தே" ன்னு முன்னாடியே சொல்லிடணும். ஹலால் பார்க்கறவங்க சைகோன்ல டோங் டூ தெரு மசூதிப் பக்கம் போங்க, 1935ல நம்ம தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டின மசூதி, அக்கம்பக்கத்துல ஹலால் சாப்பாடு கெடைக்கும். அந்த ஊர்ல நம்மாளுங்க தடம் இதோட நிக்கல, ட்ரூங் டின் தெருவுல மாரியம்மன் கோயில் இருக்கு, சாமி கும்பிடுறவங்கள்ல பெரும்பாலும் வியட்நாம்காரங்க. கடையில "கா ரி" ன்னு எழுதியிருந்தா தேங்காப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சக்கரவள்ளிக்கிழங்கும் போட்ட கறிக்குழம்பு, ரொட்டியைப் பிச்சு முக்கிச் சாப்பிடணும். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு சா யோ, அந்தப் பொரிச்ச ரோலு, ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், பிரெஞ்சுக்காரன் காலத்துல சைகோன் போயிட்டு வந்த குடும்பங்கள்ல அதை இன்னும் வீட்டுல செய்றாங்க.

குடிக்க என்னன்னா, தெக்க பெரும்பாலும் உக்காந்ததும் ஐஸ் டீ வரும், சர்க்கரை இல்லாத பச்சைத் தேத்தண்ணி, ஃப்ரீ, இல்லாட்டி ரெண்டாயிரம் மூவாயிரம் டாங் (அவங்க ஊர் பணம்). நடுவுல ஓட்டை போட்ட குழாய் ஐஸா இருந்தா ஃபேக்டரி ஐஸு, நான் தயங்காமப் போட்டுக்கறேன், வயிறு லேசான ஆளுங்க சூடாக் கேட்டுக்கோங்க. சாப்ட்டு முடிச்ச கடையிலயே காபி தேடாதீங்க, காபிக்கு வேற கடை. கண்டென்ஸ்ட் மில்க் மேல ஃபில்டர்ல சொட்டுச்சொட்டா எறங்கற ரோபஸ்டா, ஐஸ் போட்டா "கா ஃபே சூவா டா". டிகாஷன் திக்கா இருக்கும், நம்மள மாதிரி ஃபில்டர் காபிக்காரங்களுக்கே ரெண்டாவது டம்ளர்ல கை நடுங்கும். பால் தூக்கலா வேணும்னா "பாக் சியூ" கேளுங்க.

கடைசியா காசு. சாப்பாட்டுக்கு பேரம் பேசுற வழக்கம் கிடையாது. விலை செவுத்துலயே எழுதியிருக்கும், 50 ன்னோ பின்னாடி ஒரு "கே" போட்டோ இருந்தா ஐம்பதாயிரம் டாங்னு அர்த்தம், ஆயிரத்தை முழுங்கிடுவாங்க. ஆயிரம் டாங்குக்கு மூணு ரூபாய் சொச்சம்னு கணக்கு வெச்சுக்கோங்க, ஐம்பதாயிரம்னா 170 ரூபாய் பக்கம். சாதாரணக் கடையில ஒரு கிண்ணம் ஃபோ 45,000ல இருந்து 70,000 வரைக்கும், சோத்துத் தட்டு 35,000 லருந்து, பான் மீ 20,000 லருந்து. விலை எழுதலன்னா உக்காரும் முன்னாடியே "பாவ் ன்யூ?" ன்னு கேளுங்க, விரல்லயோ கால்குலேட்டர்லயோ காட்டுவாங்க. டேபிள்ல ஈர டிஷ்யூ பாக்கெட், வாழைப்பழம், க்வே எல்லாம் வெச்சிருப்பாங்க, ஃப்ரீன்னு நெனைச்சுப் பிரிச்சா பில்லுல ஏறும், தொடலன்னா ஏறாது. கடைசியில வந்து மிச்சத்தை எண்ணித்தான் கணக்குப் போடுவாங்க, அதனால ரெண்டு பழம் எடுத்திருந்தா தோலை டேபிள்லயே விட்டுடுங்க, அவங்களுக்குக் கணக்கு, நமக்கு மரியாதை.

பில்லுக்கு "தின் தியென்" ன்னு சொல்லணும், தெக்க இது, வடக்க "தான் துவான்" ன்னும் சொல்வாங்க. டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டாங்க. எல்லாக் கடையிலயும் கியூஆர் அட்டை நிக்கும், ஆனா அது அவங்க ஊர் பேங்க் கணக்குக்கு, நம்ம கையில கேஷ் இருக்கணும், அதுவும் சில்லறையா. 500,000 டாங் நோட்டை காலையில ஏழு மணிக்கு பான் மீ வண்டியில நீட்டினா அந்தம்மா பாவம் பக்கத்துக் கடைக்கு ஓடும். இன்னொரு விஷயம், 500,000 நோட்டும் 20,000 நோட்டும் ரெண்டுமே நீலம், ரெண்டுலயும் ஹோ சி மின் தாத்தா படம்தான், ராத்திரி வெளிச்சத்துல பிரிச்சுப் பார்க்கறது கஷ்டம். பெரிய நோட்டை பர்ஸுல வேற அறையில வெச்சுக்கோங்க. அப்புறம் அவங்க புது வருஷம் டெட், ஜனவரி கடைசி இல்லன்னா பிப்ரவரியில வரும், அந்த வாரம் சின்னக் கடைங்க முக்காவாசி ஊருக்குப் போயிடும், தெறந்திருக்கற கடையும் விலையை ஏத்திடும், சாப்பிடறதுக்குன்னே போறவங்க அந்த வாரத்தை மட்டும் விட்டுட்டு டிக்கெட் போடுங்க.